சாவி என் பையில்

டெட்ராய்ட் பக்கம், காருக்குத் தகடு அடிக்கும் பிரஸ் ஷாப் ஒன்றில் மூன்று வருடம் மெயின்டெனன்ஸ் வேலை பார்த்தேன். சேர்ந்த இரண்டாவது வாரம் ஒரு பிரஸ் பாதியில் நின்றுவிட்டது. சென்சார் கோளாறாக இருக்கும் என்று தோன்றியது. மெஷின்தான் நின்றிருக்கிறதே என்று டைக்குள், அதாவது தகட்டை அமுக்கி வடிவமாக்கும் அச்சுக்குள், கையை நீட்டிவிட்டேன். பின்னாலிருந்து யாரோ சட்டையைப் பிடித்து இழுத்தார்கள்.

எங்கள் எலக்ட்ரீஷியன்தான், ஓய்வுபெறும் வயதில் இருந்தவர். அவர் திட்டவில்லை. என் உள்ளங்கையில் ஒரு சிவப்புப் பூட்டை வைத்தார். மெயின் சுவிட்சை அணைத்து அதில் என் பூட்டைப் போட வேண்டும், பெயர் எழுதிய அட்டையைத் தொங்கவிட வேண்டும். காற்றழுத்தத்தை இறக்கி, மேலிருந்து இறங்கி அடிக்கும் ஸ்லைடுக்கு அடியில் முட்டுக் கொடுத்து, ஸ்டார்ட் பொத்தானை அமுக்கி, ஓடவில்லை என்று பார்த்த பிறகுதான் கை உள்ளே போகலாம். நான்கு பேர் வேலை செய்தால் நான்கு பூட்டு. அவரவர் சாவி அவரவர் பையில்.

“இந்த விதி 1989-ல்தான் வந்தது. அதுவரை, பக்கத்தில் நிற்பவனிடம் சுவிட்சைப் போட்டுவிடாதே என்று கத்திவிட்டு உள்ளே போவோம். ஷிஃப்ட் மாறினால் அவன் வீட்டுக்குப் போயிருப்பான்” என்றார். அப்புறம், ஞாயிற்றுக்கிழமை மியூசியத்துக்குப் போய் ரிவேராவின் சுவரைப் பார்த்துவிட்டு வா என்றார். ஏன் என்று சொல்லவில்லை.

போனேன். டெட்ராய்ட் கலைக்கூடத்தின் ஒரு முற்றம் முழுக்க 27 ஓவியங்கள். ஃபோர்டு கார் கம்பெனியின் ரூஜ் ஆலையைப் பார்த்து மெக்சிகோ ஓவியர் டியேகோ ரிவேரா 1932-33-ல் வரைந்தவை. பணம் கொடுத்தவர் அந்தக் கம்பெனியின் தலைவர் எட்சல் ஃபோர்டு. ரிவேரா ஊருக்கு வருவதற்குச் சில வாரங்கள் முன்பு, மார்ச் 7 அன்று, அதே ஆலை வாசலுக்கு ஊர்வலமாக வந்த வேலையற்றவர்கள் மீது துப்பாக்கிச்சூடு நடந்து நான்கு பேர் செத்திருந்தார்கள். ஐந்தாமவர் காயத்தோடு கிடந்து பிறகு இறந்தார். அதையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டு அந்தச் சுவரைப் பார்க்க வேண்டும். வளைந்த முதுகுகள், களைத்த முகங்கள், இழுக்கும் தோள்கள். தெற்குச் சுவரில் பிரம்மாண்டமான ஒரு பிரஸ். மெக்சிகோவின் பழைய தெய்வம் கோவாட்லிக்குவேயின் சாயலில் ரிவேரா அதை அமைத்திருக்கிறார் என்பார்கள். காவு கேட்கும் தெய்வம்! தினமும் பிரஸ் முன்னால் நிற்கிற எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

அதே ஆலையை அமெரிக்க ஓவியர் சார்லஸ் ஷீலரும் 1930-ல் வரைந்தார். ‘அமெரிக்க நிலக்காட்சி’ என்று பெயர். நிலக்காட்சி என்கிறார், ஆனால் புல் பூண்டு கிடையாது. கால்வாய், தண்டவாளம், குழாய்க் கோபுரங்கள், புகை. தண்டவாளம் அருகே எறும்பளவில் ஒரே ஒரு ஆள். லட்சம் பேருக்கு மேல் வேலை பார்த்த ஆலை அது! அழகான படம்தான், மறுக்கவில்லை. ஆனால் ஆலையை அப்படித் தூரத்திலிருந்து பார்க்கப் பழகியவர்களுக்குப் பூட்டின் அவசியம் புரியாது என்று நினைக்கிறேன்.

ஆலையை ஒட்டி ஓடும் ரூஜ் ஆறும் ஆறாக இல்லை. தாதுக் கப்பல்கள் வருவதற்காக ஆழப்படுத்தி, வளைவுகளை வெட்டி நேராக்கினார்கள். 1969 அக்டோபரில் தண்ணீர்மேல் மிதந்த எண்ணெய் தீப்பிடித்து எரிந்தது. மறு வருடம் டிசம்பர் 2 அன்று அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை செயல்படத் தொடங்கியது. அதே மாதம் 29-ம் தேதி தொழிலாளர் பாதுகாப்புச் சட்டத்தில் அதிபர் நிக்சன் கையெழுத்திட்டார். ஆற்றுக்கும் கைக்கும் ஒரே மாதத்தில் காவல் கிடைத்தது. ஆனாலும் 1999 பிப்ரவரி 1 அன்று அதே ரூஜ் ஆலையில், பராமரிப்புக்காக நிறுத்திக்கொண்டிருந்த பாய்லரில் எரிவாயு சேர்ந்து வெடித்ததில் ஆறு பேர் போனார்கள்.

இப்போது வேறு ஊர், வேறு ஆலை. புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு முதல் நாளே தெற்குச் சுவரின் படத்தைக் காட்டுகிறேன். மெஷினை விடுங்கள், எத்தனை கைகள் எங்கெங்கே இருக்கின்றன என்று எண்ணுங்கள் என்பேன். எண்ணி முடிக்கக் கால் மணி நேரமாவது ஆகிறது. அதற்குப் பிறகுதான் பூட்டை எடுத்துக் கொடுப்பேன்.