ஆயுத பூஜைக்கு முந்தின வாரம் ஆயில் மாற்றுங்கள்

"போன தடவை மாத்துனதுக்கு அப்புறம் எண்ணூறு கிலோமீட்டர்கூட ஓடலை, அதுக்குள்ள எதுக்கு ஆயில்?" அம்பாசடர், பியட், ஹெரால்டு வைத்திருப்பவர்களிடம் அடிக்கடி கேட்கிற பேச்சு இது. புதுச்சேரியிலும் கடலூரிலும் ஷெட்டில் நிற்கிற பழைய கார்களுக்குக் கிலோமீட்டர் கணக்கு செல்லாது. 5000 கி.மீ.க்கு ஒரு தடவை ஆயில் என்பது தினமும் ஓடி, என்ஜின் முழுச் சூட்டுக்கு வந்து, அந்தச் சூட்டிலேயே நெடுநேரம் இருக்கிற வண்டிக்கான கணக்கு. வாரம் ஒரு தடவை மார்க்கெட்டுக்குப் போய்த் திரும்பும் வண்டிக்குக் காலண்டர்தான் கணக்கு: வருஷத்துக்கு ஒரு தடவை கட்டாயம். ஊருக்குள் நாலைந்து கிலோமீட்டருக்கு மேல் ஓடுவதே இல்லை என்றால் ஆறு மாதம்.

காரணம் தண்ணீர். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உண்டாகிறது. பெரும்பகுதி சைலன்சர் வழியே போய்விடும். பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கீழே இறங்கும் பங்கு, குளிர்ந்த பிளாக்கில் பட்டுத் துளியாகி ஆயிலில் கலக்கிறது. கூடவே சோக் இழுத்து ஸ்டார்ட் செய்யும்போது எரியாத பெட்ரோலும் இறங்கும். என்ஜின் அரை மணி நேரமாவது நல்ல சூட்டில் ஓடினால்தான் இரண்டும் ஆவியாகி, என்ஜின் மூச்சு விடும் பிரீதர் குழாய் வழியே வெளியேறும். ஓடாவிட்டால் உள்ளேயே தங்கி, எரிந்த வாயுவோடு சேர்ந்து அமிலமாகி, பேரிங் உலோகத்தை மெல்ல அரிக்கும். ஆயில் ஃபில்லர் மூடியைத் திறந்து பாருங்கள். அடிப்பக்கம் பால் கலந்த காபி நிறத்தில் களிம்பு ஒட்டியிருந்தால் இதுதான் விஷயம். ஆனால் ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்துகொண்டே வந்து, ஆயில் மட்டம் பார்க்கும் டிப்ஸ்டிக்கிலும் அதே களிம்பு தெரிந்தால் அது ஹெட் கேஸ்கட் கோளாறு. ஆயில் மாற்றித் தீராது.

"நான் வாரா வாரம் அஞ்சு நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி விடறேனே" என்பார்கள். நிறுத்தி வைப்பதைவிட அதுதான் கெடுதல். ஐந்து நிமிடத்தில் தண்ணீர் சேரும், சூடு ஏறாது. எடுத்தால் ஒழுங்காக ஓட்டுங்கள். புதுச்சேரியிலிருந்து அரியாங்குப்பம், தவளக்குப்பம், கிருமாம்பாக்கம் வழியாகக் கடலூர் மஞ்சக்குப்பம் வரை போய்த் திரும்பினால் நாற்பது கிலோமீட்டருக்கு மேல் வரும். மாதம் ஒரு தடவை அப்படி ஓடுவது, எட்டுத் தடவை ஸ்டார்ட் செய்து அணைப்பதைவிட மேல்.

இன்னொரு வில்லங்கம் தெர்மோஸ்டாட், அதாவது என்ஜின் சூடேறும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் வால்வு. 'நம்ம ஊர் வெயிலுக்கு வேண்டாம் சார்' என்று கழற்றிப் போடுகிற பழக்கம் பல பட்டறைகளில் உண்டு. அது இல்லாத என்ஜின் சூடேறவே நேரம் பிடிக்கும். மழைக்காலத்தில் முழுச் சூட்டுக்கு வராமலேயே ஓடும். ஆயில் சீக்கிரம் சேறாகும். கார் கொதிக்கிறது என்றால் ரேடியேட்டரைச் சுத்தம் செய்ய வேண்டும், தெர்மோஸ்டாட்டை எடுக்கக் கூடாது.

எப்போது மாற்றுவது? ஐப்பசியில் அடைமழை பிடித்துவிட்டால் கார்த்திகை முடியும்வரை வண்டி பெரும்பாலும் ஷெட்டில்தான். அந்த இரண்டு மாதமும் அமிலம் கலந்த பழைய ஆயில் பேரிங்கில் ஊறிக் கிடக்கக் கூடாது. பலரும் மழை முடிந்து வண்டியை வெளியே எடுக்கும்போது மாற்றுகிறார்கள். அது தலைகீழ். நிறுத்துவதற்கு முன்னால் மாற்றி, புது ஆயிலோடு ஒரு நீள ஓட்டம் ஓட்டிவிட்டு நிறுத்த வேண்டும். ஆயுத பூஜைக்கு எப்படியும் வண்டியைக் கழுவிப் பொட்டு வைக்கப் போகிறீர்கள். அதற்கு முந்தின வாரத்தை ஆயிலுக்கு ஒதுக்குங்கள். உப்புக் காற்று அடிக்கிற ஊரில் இது இன்னும் முக்கியம்.

ஆயில் நிறத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். டீசல் அம்பாசடரில் புது ஆயிலும் ஓடத் தொடங்கியதுமே கறுத்துவிடும், கெட்டதாக அர்த்தமில்லை. பெட்ரோல் வண்டியில் தேன் நிறத்தில் இருக்கும் ஆயிலில் பெட்ரோல் கலந்திருக்கலாம். டிப்ஸ்டிக்கை முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை தூக்கலாக அடித்து, ஆயில் மட்டமும் தானாக ஏறியிருந்தால், மெக்கானிக்கல் பெட்ரோல் பம்பின் ரப்பர் டயாஃப்ரம் கிழிந்து, என்ஜினின் அடியில் ஆயில் தங்கும் சம்ப்புக்குள் பெட்ரோல் ஒழுகுகிறது. எத்தனால் கலந்த இ20 பெட்ரோலுக்குப் பழைய ரப்பர் தாங்குவதில்லை. முதலில் பம்பைச் சரிசெய்துவிட்டு ஆயிலை மாற்றுங்கள்.

எந்த ஆயில் என்பதில்தான் சண்டை அதிகம். 1489 சிசி அம்பாசடர், 1089 சிசி பியட் பத்மினி, ஹெரால்டு எல்லாமே புஷ்ராடு என்ஜின்கள், அதாவது கீழே உள்ள கேம்ஷாஃப்ட் தண்டு கம்பியைத் தள்ளி வால்வைத் திறப்பவை. கேம்ஷாஃப்ட்டின் மேல் டாப்பெட் நேராக உரசுகிறது. அந்த இடத்தைக் காப்பது ஆயிலில் உள்ள ஸிங்க், பாஸ்பரஸ் சேர்மானம். புதுக் கார்களில் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் கெடக் கூடாது என்று, 2004-இல் வந்த அமெரிக்கப் பெட்ரோலியக் கழகத்தின் (ஏ.பி.ஐ.) எஸ்.எம். தரத்தில் பாஸ்பரஸை 0.08 சதவீதத்துக்குள் அடக்கினார்கள். ஆனால் அந்தக் கட்டுப்பாடு 5டபிள்யூ-30, 10டபிள்யூ-30 மாதிரி மெல்லிய ஆயில்களுக்குத்தான். 20டபிள்யூ-40, 20டபிள்யூ-50 மாதிரி கெட்டியான மினரல் ஆயிலுக்கு இல்லை. ஆகவே நல்ல நிலையில் உள்ள என்ஜினுக்கு 20டபிள்யூ-40, தேய்ந்து சூட்டில் ஆயில் லைட் மினுக்குகிற என்ஜினுக்கு 20டபிள்யூ-50. டீசல் அம்பாசடருக்கு 15டபிள்யூ-40 டீசல் ஆயில். விலை உயர்ந்த சிந்தெடிக் இங்கே வீண். அதன் பலம் நீண்ட நாள் உழைப்பது. நாம்தான் வருஷத்தில் கொட்டிவிடப் போகிறோமே.

ஒரு எச்சரிக்கை. பல வருஷம் ஷெட்டில் கிடந்த வண்டியை இப்போதுதான் வாங்கியிருக்கிறீர்கள் என்றால், புது ஆயிலில் உள்ள டிடர்ஜென்ட் உள்ளே படிந்த சேற்றை உருக்கிக் கொண்டுவந்து சம்ப்பில் உள்ள சல்லடையை அடைத்துவிடும். பிரஷர் போனால் பேரிங் காலி. சம்ப்பை இறக்கி மண்ணெண்ணெயில் கழுவிப் புது கேஸ்கட் போட்டு ஏற்றுவதே சரி. முடியாவிட்டால் முதல் ஆயிலை 500 கி.மீ.யிலும், அடுத்ததை 1500 கி.மீ.யிலும் ஃபில்டரோடு மாற்றுங்கள்.

வேலைக்கு வருவோம். பத்து கிலோமீட்டராவது ஓட்டிவிட்டுச் சமதரையில் நிறுத்துங்கள். ஆறிய ஆயில் அழுக்கை அடியிலேயே விட்டுவிட்டு வரும். ஜாக்கி மட்டும் போட்டுக் கீழே படுக்காதீர்கள், ஸ்டாண்டு வேண்டும். ஃபில்லர் மூடியைத் திறந்து, ஆறு லிட்டர் கொள்ளும் அகலத் தட்டை வைத்து, டிரெயின் பிளக்கைக் கழற்றி இருபது நிமிடம் சொட்ட விடுங்கள். பிளக்கில் உள்ள செம்பு வாஷரைப் புதிதாகப் போடுங்கள். கிடைக்காவிட்டால் பழையதை அடுப்புத் தீயில் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் மறுபடி மிருதுவாகும். முடுக்குவதில் பலத்தைக் காட்ட வேண்டாம், மரை போனால் செலவு ஆயிலைவிட அதிகம்.

பழைய அம்பாசடரில் ஃபில்டர் ஒரு கிண்ணத்துக்குள் உட்காரும். கிண்ணத்தின் விளிம்பு பதியும் பள்ளத்தில் ஒரு ரப்பர் ரிங் உண்டு. பழைய ரிங் இறுகிக் கறுத்து, பள்ளத்தோடு பள்ளமாக ஒட்டிக்கொண்டிருக்கும். ஊசியால் கிளறி எடுக்காமல் மேலேயே புது ரிங்கை வைத்தால், ஸ்டார்ட் செய்ததும் ஆயில் பீய்ச்சி அடிக்கும். ஆயில் மாற்றிய அன்றே என்ஜின் போன வண்டிகளில் இது ஒரு முக்கியக் காரணம். கிண்ணத்துக்குள் உள்ள ஸ்பிரிங், வாஷர் வரிசையைக் கழற்றும் முன்னரே போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

அம்பாசடர் பெட்ரோல் என்ஜின் ஃபில்டரோடு சுமார் 4 லிட்டர் எடுக்கும். மூன்றரை ஊற்றிவிட்டு, மீதியை டிப்ஸ்டிக் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். மேல் கோட்டைத் தாண்டினால் பின்பக்க ஒழுக்குதான் மிச்சம். வடித்த என்ஜினை ராத்திரி முழுக்க அப்படியே விட்டுவிடாதீர்கள், பம்பில் காற்று ஏறிவிடும். என்ஜின் ஸ்டார்ட் ஆகாதபடி காயிலுக்கு வரும் சின்ன ஒயரைக் கழற்றிவிட்டு, பத்துப் பத்து விநாடியாகச் செல்ஃப் அடியுங்கள். ஆயில் லைட் அணைந்த பிறகு ஒயரை மாட்டி ஸ்டார்ட் செய்யுங்கள்.

வடித்த ஆயிலைத் தெரு வாய்க்காலில் ஊற்றாதீர்கள். புதுச்சேரியில் பெரிய வாய்க்கால் போய்ச் சேர்வது கடலில். பழைய கேனிலேயே அடைத்து, வேஸ்ட் ஆயில் எடுக்கும் சர்வீஸ் சென்டரில் கொடுத்துவிடலாம்.

மறுநாள் காலை வண்டிக்கு அடியில் பழைய தினத்தாளை விரித்துப் பாருங்கள். கிளட்ச் ஹவுசிங்கின் அடியில், காட்டர் பின் தொங்கும் ஓட்டையிலிருந்து இரண்டு மூன்று சொட்டு விழுந்திருந்தால் பயப்பட வேண்டாம். அம்பாசடர் பெட்ரோல் என்ஜினின் பின்பக்கத்தில் ரப்பர் சீல் கிடையாது. கிராங்க் தண்டில் வெட்டிய மரைதான் ஆயிலை உள்ளே திருப்புகிறது. சொட்டு ஓடையாக மாறினால் பிரீதர் குழாய் அடைத்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். டிரெயின் பிளக்குக்கு நேர்கீழே ஈரம் என்றால், வாஷரை மறுபடி காய்ச்ச வேண்டியதுதான்.