7 நிமிடத்தில் ஒரு ரயில்

டோக்கியோ நிலையத்தில் சென்டாய் நகருக்குப் போகும் ஷின்கான்சென் என்ற புல்லட் ரயிலுக்காக நின்றிருந்தேன். வண்டி காலியானதும் துப்புரவுக் குழு உள்ளே நுழைந்தது. ஒரு பெண்மணி இருக்கைகளை வரிசையாகச் சுழற்றி, போகும் திசைக்குத் திருப்பிவைத்தார். மடக்கு மேசைகளைத் துடைத்தார். 7 நிமிடம்தான் கணக்கு. வெளியே வந்து எங்களைப் பார்த்துக் குனிந்து வணங்கினார்கள். நானும் குனிந்தேன். முதுகுப்பை சரிந்து பின்மண்டையில் இடித்தது.

அப்புறம் நடத்துநர். பெட்டியை விட்டுப் போகுமுன் திரும்பி நின்று தலைவணங்குகிறார். பாதிப் பேர் தூக்கத்தில், இருந்தாலும் வணங்குகிறார்.

ஃபோன் பேச வேண்டுமென்றால் இரண்டு பெட்டிகளுக்கு நடுவே உள்ள இடத்துக்குப் போக வேண்டும். அம்மா கூப்பிட்டபோது அங்கே ஓடினேன். அங்கேயும் குரல் எழும்பவில்லை, கிசுகிசுத்தேன்.

“ஏண்டா, உடம்பு சரியில்லையா?” என்றாள் அம்மா.