கடலுக்கு முன் குவாரி: வேலூரிலிருந்து ஒரு துறைமுக நாட்குறிப்பு

2025 மார்ச் 4
ஆண்டுக்கு 50 லட்சம் டன் இரும்புத்தாது ஏற்றும் துறைமுகம் ஒன்றைக் காகிதத்தில் வடிவமைத்துப் பார்க்கிறேன். எல்லோரும் கப்பலில் ஆரம்பிக்கிறார்கள். ரயிலில் ஆரம்பித்தால்தான் கணக்கு நிற்கும். 58 வேகன் ரேக்கில் (ஒரு முழுச் சரக்கு ரயில்) சுமார் 3,800 டன். ஆண்டுக்கு 1,316 ரேக், 330 வேலை நாளுக்கு வகுத்தால் தினம் நான்கு. 75,000 டன் கப்பல் நிறைய 20 ரேக், அதாவது ஐந்து நாள் வரத்து. தாது கனம் என்பதால் வேகன் பாதி நிறையும்போதே எடை வரம்பு முட்டிவிடும். நிலக்கரி பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது காலி வண்டி.

மார்ச் 6
ஷிப்லோடர், அதாவது கப்பலில் தாது கொட்டும் இயந்திரம், மணிக்கு 4,000 டன் என்பார்கள். கப்பலின் சரக்கறை மாற்றுவது, கன்வேயர் நிற்பது எல்லாம் போக 2,400 தேறும். கப்பலுக்கு 31 மணி, கட்டி அவிழ்க்க 7. 67 கப்பலுக்கு 2,546 மணி. 330 நாளில் இருக்கும் 7,920 மணியில் 32 சதவீதம். ஒரு பெர்த் (கப்பல் கட்டி நிற்கும் இடம்) போதும். கவலை கடலில் இல்லை, தாது வரத்தில். எண்ணூரில் தாது முனையம் கட்டியும், 2010-ல் கர்நாடகம் ஏற்றுமதியை நிறுத்தியதால் தாது வரவில்லை. பிறகு நிலக்கரிக்கு மாற்றினார்கள்.

மார்ச் 11
அலைத்தடுப்புச் சுவரின் வெளி அடுக்கில் அலையைத் தாங்கும் கவசக்கல் எவ்வளவு எடை வேண்டும்? கணக்கு ஹட்சன் சூத்திரப்படி. வடிவமைப்பு அலை 4 மீட்டர், சரிவு 2-க்கு 1, கருங்கல் கனமீட்டருக்கு 2.65 டன், உடையாத அலைக்கு நிலைப்புக் குணகம் (கல் அலைக்கு அசையாமல் நிற்கும் திறனின் எண்) 4. கல் ஒன்று 5.3 டன். இரண்டு அடுக்கின் தடிமன் 2.5 மீட்டர், அதன் கீழ் அடுக்குக் கல்லுக்கு எடையில் பத்தில் ஒரு பங்கு, 530 கிலோ. அலை 5 மீட்டர் என்றால் கல் 10.4 டன்! கல் எடை அலை உயரத்தின் மும்மடியாக (உயரம் × உயரம் × உயரம்) ஏறுவதால் அலைத் தரவில் கஞ்சத்தனம் கூடாது. அலை கட்டுமானத்தின் மேலேயே உடைந்தால் குணகம் 2. 4 மீட்டருக்கே 10.6 டன்.

மார்ச் 12
வேலூரைச் சுற்றிய மலைகளில் கண்ணில் படுவது பெரும்பாலும் உருண்டைப்பாறை. "இதையே அள்ளிப் போடலாமே" என்பது அடிக்கடி கேட்கும் யோசனை. உருண்டையும் வழவழப்புமான கல் ஒன்றையொன்று கவ்வாது, குணகம் 2.4-க்கு இறங்கும், கல் 8.9 டன் ஆகும். கோணம் கூர்மையாக உடைந்த கல்லே வேண்டும்.

மார்ச் 19
ஜல்லிக் குவாரி வெடி கவசக்கல்லுக்கு உதவாது. அங்கே கல் நொறுங்குவதுதான் நோக்கம். இங்கே நொறுங்கினால் நட்டம். ஒற்றை வரிசை வெடிக்குழிகள், குழிக்குக் குழி இடைவெளி குழிக்கும் பாறை முகப்புக்கும் உள்ள தூரத்தை மீறக்கூடாது, எல்லாம் ஒரே நேரத்தில் வெடிக்கணும், வெடிமருந்து பாறை கனமீட்டருக்கு 0.11 முதல் 0.25 கிலோவுக்குள். அப்படியும் பெரிய கல் கொஞ்சம்தான் கிடைக்கும், மிச்சம் தடுப்பின் உள்ளே நிரப்பும் நடுக்கருவுக்கு. கவசத்துக்கு வேண்டிய அளவை மட்டும் பார்த்து வெட்டினால் சிறுகல் மலையாய்க் குவியும். ஆகவே தடுப்பின் குறுக்குவெட்டைக் குவாரி விளைச்சலுக்கு ஏற்ப வரையணும்.

மார்ச் 20
நீளம் தடிமனைப்போல் மூன்று மடங்குக்கு மேலான கல் 5 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. மயிரிழை விரிசல் கண்ணுக்குத் தெரியாது. அதைக் கண்டுபிடிக்க, கல்லைக் கற்படுக்கைமேல் 3 மீட்டரிலிருந்து போட்டு, முன்னும் பின்னும் எடை பார்க்கணும்.

மார்ச் 27
திருவண்ணாமலைப் பக்கக் கவுத்திமலையில் இருப்பது காந்தத்தாது (மேக்னடைட்). இந்த வகையை அரைத்துப் பிரித்தால் மாவாகிவிடும். ஈரம் மிஞ்சினால் கப்பலுக்குள் குழம்பாய் ஓடும். 2009-ல் ஏசியன் ஃபாரஸ்ட் என்ற கப்பல் மங்களூர் அருகிலும் பிளாக் ரோஸ் என்ற கப்பல் பாரதீப் அருகிலும் தாதுவோடு மூழ்கின. ஏற்றத்தக்க ஈர வரம்பு, பாயும் ஈரத்தின் (தாது குழம்பாகத் தொடங்கும் ஈர அளவு) 90 சதவீதம். ஈரம் அளந்து ஏழு நாளுக்குள் ஏற்றணும். நடுவில் மழை பெய்தால் மறுபடி அளவு. யார்டுத் தரையில் வடிகால் சரிவு இல்லாமல் இந்த எண் எட்டாது. துறையில் செய்யும் டப்பா சோதனை: பாதி நிரப்பி, 20 செ.மீ. உயரத்திலிருந்து 25 தட்டு. மேலே நீர் மினுங்கினால் ஏற்றாதே. மினுங்காவிட்டாலும் ஆய்வகச் சீட்டு வரும்வரை பொறு.