இருபது நிமிடம் கூடுதலாக

கிளினிக்கல் சைக்காலஜி எம்.ஃபில். இரண்டாம் ஆண்டு. வியாழக்கிழமைதோறும் சூப்பர்விஷன். அந்த வாரம் சிகிச்சைக்கு வந்தவர்களோடு நடந்த செஷன்களை எழுதிக்கொண்டு போய், என்னை மேற்பார்வையிடும் மேடம் முன்னால் உட்கார வேண்டும். வந்தவர் என்ன சொன்னார், நான் என்ன கேட்டேன் என்று ஒன்று விடாமல் எழுதுவேன். எனக்கு என்ன தோன்றியது என்பது மட்டும் அதில் இருக்காது.

அப்போது குடியை நிறுத்த வந்த ஐம்பது வயதுக்காரர் ஒருவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். (அடையாளம் தெரியாதிருக்க விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) ஒருநாள் மேடம் நான் எழுதியதைப் படிக்கவில்லை. ஓரத்தில் குறித்திருந்த நேரங்களை மட்டும் விரலால் தடவிக்கொண்டே வந்தார்.

"மத்தவங்களுக்கெல்லாம் அம்பது நிமிஷம். இவருக்கு மட்டும் எழுபது. ஏன்மா?"

"அவருக்குத் தேவைப்படுது மேடம்."

"அவர் வராத நாள்ல உனக்கு எப்படி இருக்கும்?"

நிம்மதியாக இருக்கும். அதைச் சொல்ல வாய் வரவில்லை. இன்டர்னல் மார்க் போடுவதும் மேடம்தான். மனசைத் திறக்கச் சொல்பவரே மதிப்பெண்ணும் போடுவது இந்தப் பயிற்சியின் பெரிய குறை என்று இன்றும் நினைக்கிறேன். எத்தனை பேர் இதனாலேயே வாய் திறக்காமல் படிப்பை முடிக்கிறார்களோ.

கடைசியில் சொல்லிவிட்டேன். "பொண்டாட்டிய அடிச்சத சிரிச்சுக்கிட்டே சொல்றார் மேடம். எந்திரிச்சுப் போயிடலாம்னு இருக்கு." அழுகை வந்தது. என் அப்பாவும் குடித்தவர்.

மேடம் தண்ணீரை என் பக்கம் நகர்த்தினார். "அப்பா விஷயத்துக்கு நீ தனியா ஒருத்தரப் பாரு, நம்பர் தரேன். இங்க நாம பேச வேண்டியது அந்த இருபது நிமிஷத்தப் பத்தி."

சிகிச்சை தருபவருக்குள் எழும் இந்த உணர்வுகளை, உளப்பகுப்பாய்வைத் தொடங்கிய ஃப்ராய்ட் 1910-இல் அடையாளம் கண்டு அடக்க வேண்டியவையாகப் பார்த்தார். வெறுப்பும் வரும் என்று பின்னால் வந்த உளப்பகுப்பாய்வாளர் வினிகாட் 1949-இல் வெளிப்படையாக எழுதினார். நோயாளியைப் புரிந்துகொள்ள அதுவே ஒரு கருவி என்றார் இன்னொரு உளப்பகுப்பாய்வாளர் பவுலா ஹைமான், 1950-இல். மூன்றையும் பரீட்சைக்கு நெட்டுரு போட்டவள்தான் நான். எனக்கே வந்தபோது அது இதுதான் என்று தெரியவில்லை.

அந்த இருபது நிமிடம், கோபப்பட்டதற்கு நான் கட்டிய அபராதம். பேசப் பேச அது புரிந்தது. மேடம் அதோடு விடவில்லை. "அவர் முகம் கோணக் கூடாதுன்னு வீட்ல யார் யார் என்ன பண்றாங்க?" என்று கேட்டார். அவர் உள்ளே நுழைந்தால் மகள் டிவியை அணைப்பாள். மனைவி இன்னொரு குழம்பு வைப்பார். நான் நேரத்தை நீட்டினேன். அந்த வீட்டில் நானும் ஓர் ஆளாகியிருந்தேன். ஆனாலும் எல்லாம் அவரால்தான் என்று தள்ளிவிட முடியாது. பாதி என் வீட்டிலிருந்து நான் கொண்டுவந்தது.

அடுத்த செஷனில், ஐம்பதாவது நிமிடம், "இன்னைக்கு இத்தோட நிறுத்திக்கலாம் சார்" என்றேன். அவர் முகம் மாறியது. என் வயிறு இறுகியது. ஒன்றும் பேசாமல் எழுந்து போனார். இனி வரமாட்டார் என்றுதான் நினைத்தேன்.

வந்தார். உட்கார்ந்ததும், "போன வாரம் நீங்க நிறுத்தினதும் எனக்குச் சுள்ளுனு கோவம் வந்துச்சும்மா. வீடா இருந்தா தட்டத் தூக்கி எறிஞ்சிருப்பேன்" என்றார். அன்று அவர் சிரிக்கவில்லை.