ஃப்ளைட் மோட்ல பினாங்கு

நவம்பர் 8, சனி, அல்சூர்

அம்மாவும் பெரியம்மாவும் மலேசியால இருக்குற பினாங்கு போறாங்க, சொந்தத்துல கல்யாணம், துணைக்கு யாரும் போகல. ரோமிங் பேக் போட்டா போதும்னு அண்ணன் சொல்றான், எனக்கு அது மட்டும் பத்தாது, டவர் கிடைச்சாதான் பேக், போன்ல இறக்கி வச்ச மேப் எங்க போனாலும் இருக்கும். ராத்திரி வைஃபைல உக்காந்து கூகுள் மேப்ஸ்ல ப்ரொஃபைல் படத்த தட்டி ஆஃப்லைன் மேப்ஸ் போயி பினாங்கோட மெயின் டவுன் ஜார்ஜ் டவுன்லேருந்து ஏர்போர்ட் வரைக்கும் கட்டம் இழுத்து டவுன்லோட் போட்டேன். ஆனா நெட் இல்லாம அது கார் வழி மட்டும்தான் காட்டும், நடக்குற வழி, பஸ் எதுவும் வராது. இவங்க ரெண்டு பேரும் பாதி ஊர நடந்தே பாக்குற ஆளுங்க, அதனால ஆர்கானிக் மேப்ஸும் போட்டேன், ஊர் ஜனங்களே சேந்து வரையுற ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்போட டேட்டா, காசும் இல்ல விளம்பரமும் இல்ல, நடக்குற வழிய நெட் இல்லாமலே போட்டுக் குடுக்கும்.

நவம்பர் 9, ஞாயிறு

இன்னிக்கு ஒத்திகை. பெங்களூர் மேப்பையும் இறக்கி, ஃப்ளைட் மோட் போட்டு, லொகேஷன் ஆன்ல இருக்கான்னு பாத்துட்டு, ஏரிக்கரை வள்ளுவர் சிலைகிட்ட அம்மா கையில போன குடுத்து சோமேஸ்வரர் கோயிலுக்கு நீயே கூட்டிட்டுப் போம்மா, நான் வாயே தொறக்க மாட்டேன்னு சொல்லிட்டேன். கண்ண கட்டி விட்டாலும் அம்மா போய்ச் சேர்ற வழி அது, அதுக்காகத்தான் அத எடுத்தேன், தெரிஞ்ச ஊர்லதான் பயமில்லாம மேப் என்ன சொல்லுதுன்னு கவனிக்க முடியும்.

முதல்ல ஒவ்வொரு முனையிலும் ஆள் அப்படியே நின்னுட்டு போன மட்டும் சுத்திச் சுத்தி திருப்பினாங்க. அப்புறம் நாலு எட்டு நடந்தா அம்புக்குறி தானா நேராகுதுன்னு அவங்களே கண்டுபிடிச்சாங்க, பஜார் சந்துல பூக்கடை தாண்டினதும் "இங்க லெஃப்ட்டு"ன்னு போன பாத்து சொன்னாங்க பாருங்க, அவ்ளோ சந்தோஷம் எனக்கு.

நெட் இல்லாம நான் எங்க இருக்கேன்னு அதுக்கு எப்படிடா தெரியுதுன்னு கேட்டாங்க. ஜிபிஎஸ் சாட்டிலைட்லாம் 20,000 கிலோமீட்டருக்கு மேல சுத்துது, போன் அதுக்கு எதையும் அனுப்புறதில்ல, ரேடியோ மாதிரி கேட்டுக்க மட்டும் செய்யும், 4 சாட்டிலைட் சிக்கினா இடத்த கணக்கு போட்டுரும். எந்த சாட்டிலைட் எங்க இருக்குங்கிற விவரம் நெட் இருந்தா சட்டுனு வந்துரும், இல்லன்னா வானத்துலேருந்தே வாங்கணும், அதான் புது ஊர்ல எறங்கினதும் கொஞ்சம் லேட் ஆகும், வெட்டவெளில பொறுமையா நின்னா போதும்.

நவம்பர் 12, புதன்

ஹோட்டல், கல்யாண மண்டபம், குயின் ஸ்ட்ரீட் மாரியம்மன் கோயில், கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல், தண்ணீர்மலை முருகன் கோயில் எல்லாத்தையும் முன்கூட்டியே சேவ் பண்ணி வச்சேன், அங்க போயி ஸ்பெல்லிங் அடிச்சு தேட வேண்டாம்ல. ஏர்போர்ட் பஸ் ஏத்தி விட்டாச்சு.

நவம்பர் 15, சனி

ஹோட்டல் வைஃபைல அம்மா கால். லிட்டில் இந்தியாலேருந்து பள்ளிவாசல் வரைக்கும் நடந்தே போயிருக்காங்க. அங்க கடைவீதி முழுக்க மாடிக்கு அடியில திண்ணை மாதிரி நடைபாதை, மேல கூரை, ரெண்டு பக்கமும் கட்டிடம், சிக்னல் செவுத்துல பட்டுத் தெறிச்சு வர்றதால அம்புக்குறி பக்கத்துத் தெருவுக்கு தாவிருச்சாம். பெரியம்மா யாரையாவது கேப்போம்னு கெளம்ப, அம்மா விடல, ரோட்டோரம் தொறந்த இடமா பாத்து நின்னு, அது சரியாகுற வரைக்கும் காத்திருந்து, அப்புறம்தான் நடந்திருக்காங்க. இத நான் சொல்லிக் குடுத்தேன், ஆனா அவசரத்துல அத ஞாபகம் வச்சு செய்யறது வேற, அத அம்மா செஞ்சாங்க.

நவம்பர் 17, திங்கள்

தண்ணீர்மலைக்கு டாக்ஸி. கார் வழிதானே, கூகுள் ஆஃப்லைன்லயே வந்துச்சு, வண்டி சரியாத்தான் போகுதான்னு அம்மா மேப்ல போட்ட வழியையே பாத்துட்டு உக்காந்திருக்காங்க. ட்ராஃபிக் மட்டும் தெரியாது, பரவால்ல. 500க்கு மேல படி, ரெண்டு பேரும் ஏறி எறங்கிட்டாங்க. ஸ்கிரீன் எரிஞ்சுட்டே இருந்ததுல சாயங்காலம் போன் 9 பர்சென்ட்டுக்கு வந்துருச்சு, அதனால பெரியம்மா போன்லயும் இதே மேப்ப போட்டுக் குடுன்னு சொல்லிருக்காங்க, நாளைக்கு காலையில வீடியோ கால்ல உக்காந்து போடணும்.