லீக் இருக்கும், பார்

"லீக் இருக்கும், பார்" என்றுதான் ஆய்வகத்து ஜூனியரிடம் சொன்னேன். எரிந்து விழவில்லை. விழுந்திருந்தால் அன்று மாலையே மன்னிப்புக் கேட்டு முடித்திருப்பேன்.

மூடிய குடுவையில், 500 டிகிரியில் நியோபென்டேன் வாயு. உடைந்தால் ஐசோபியூட்டீன், மீத்தேன் என ஒன்று இரண்டாகும். அழுத்தம் ஏறுவதை வைத்தே சிதைவைக் கணக்கிடுவோம். அவள் வரைந்த அழுத்தக் கோடு விறுவிறுவென ஏறி, சீக்கிரமே தொய்ந்தது. 10 சதவீதம்கூட உடையாத நேரத்தில். "ஆரம்பச் சாய்வை மட்டும் எடு, மற்றதை விடு" என்றேன்.

அவள் நகரவில்லை. "அக்கா, குடுவைக்குள்ள வெளியவிட அழுத்தம் கம்மி. லீக்னா கோடு ஏறணுமே, ஏன் தொய்யுது?"

துளி ஆக்சிஜன் புகுந்தாலும் சிதைவை நடத்தும் ரேடிக்கல்களின், அதாவது ஜோடியில்லா எலக்ட்ரானுள்ள துண்டுகளின், கணக்கு மாறிவிடும் என்று வாயை அடைத்தேன். பொய்யில்லை. ஆனால் அவள் முந்தின நாளே பம்பை மூடி, இரவு முழுக்க ரீடிங் பார்த்திருந்தாள். அது எனக்குத் தெரியும்.

"வர்ற ஐசோபியூட்டீனே தடுக்குதோ?"

"அப்புறம் பார்க்கலாம்."

அந்த அப்புறம் வந்தபோது அவள் ஆய்வகத்திலேயே இல்லை. ஐசோபியூட்டீனை முதலிலேயே கொஞ்சம் கலந்து ஓட்டினேன். அவளுடைய கிராஃப் தாளை ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி, மேலே புதியதை வைத்தேன். அவள் கோட்டின் தொய்ந்த பகுதியும் என் கோட்டின் ஆரம்பமும் ஒரே சாய்வு.

ஐசோபியூட்டீனில் இரட்டைப் பிணைப்புக்குப் பக்கத்துக் கார்பனிலுள்ள ஹைட்ரஜனைப் பறிக்க மோலுக்குச் சுமார் 370 கிலோஜூல் போதும். நியோபென்டேனில் 420 பக்கம் வேண்டும். ஒரு சிதைவு அடுத்ததைத் தூண்டும் சங்கிலியை ஓட்டும் மெத்தில் ரேடிக்கல் எதைப் பறிக்கும்? பறித்தபின் ஐசோபியூட்டீனில் மிஞ்சும் மெத்தில்அல்லில் ரேடிக்கல் சோம்பேறி. இன்னொரு மூலக்கூறைத் தாக்காமல் சுற்றி, வேறொரு ரேடிக்கலோடு சேர்ந்து அடங்கிவிடும். அதேபோல் இரட்டைப் பிணைப்புள்ள புரொப்பிலீன் இப்படித் தடுப்பது 1930களிலேயே தெரிந்த சங்கதி. பலகையில் அம்பு போட்டு நானே பாடம் எடுத்திருக்கிறேன்! வெளியிலிருந்து கலந்தால்தான் தடுப்பான் என்று மனதில் எங்கோ பதிந்திருக்க வேண்டும்.

ஆல்கீன் எல்லாம், அதாவது இரட்டைப் பிணைப்புள்ள ஹைட்ரோகார்பன் எல்லாம், தடுக்கும் என்றும் இல்லையே. மீத்தேனில் எத்திலீனைச் சேர்த்தால் சிதைவு வேகம் கூடுகிறது. அவள் சொன்னது ஊகம்தானே என்று சில நாள் சமாதானம் சொல்லிக்கொள்கிறேன். ஊகத்தைச் சோதிக்க ஒரு பிற்பகல் போதும் என்பது அடுத்த நாள் நினைவுக்கு வருகிறது.

ஆரம்பச் சாய்வை எடு என்றது மட்டும் சரி. விளைபொருள் சேர்வதற்கு முந்தைய வேகம் அதில்தான் கிடைக்கும். காரணம் தெரியாமலே சரியாகச் சொல்லியிருக்கிறேன்.

போன வாரம் புதிதாக வந்த பையன் தொய்ந்த கோடு ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினான். லீக் பார்த்தாயா என்றுதான் முதலில் கேட்டேன். லீக்தான் இருந்தது.