பீலிக்கரைக்கு விலாசம் இல்லை

"கரன்ட் வேணாம்னு எழுதிட்டியா புள்ள?"

கடிதத்தை வாசித்து முடித்ததும் அந்தப் பாட்டி கேட்ட முதல் கேள்வி இதுதான். என் கையில் நாலு பக்க ஆட்சேபனைக் கடிதம். இரண்டு இரவு விழித்திருந்து எழுதியது. "வன்மையாக எதிர்க்கிறோம்" என்று அதில் மூன்று இடத்தில் இருந்தது. கோயில் மண்டபத்தில் உட்கார்ந்திருந்த யாரும் அப்படிச் சொல்லியிருக்கவில்லை. அது என் சொல்.

இலங்கை மலையகத்தில் தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தின் கீழ்ப்பிரிவு அது. அங்கே ஓடும் ஓடையில் சிறு நீர்மின் நிலையம் கட்ட ஒரு கம்பனி விண்ணப்பித்திருந்தது. நான் ஒரு சமூக சேவை நிறுவனத்தில் கள உத்தியோகத்தர். மக்கள் சொல்வதைக் கேட்டு எழுதி, பிரதேச செயலகத்தில் சேர்ப்பது என் பொறுப்பு.

இப்படியான திட்டங்களில் மேலே சின்ன அணை கட்டித் தண்ணீரை வாய்க்காலில் திருப்புவார்கள். பிறகு சரிவில் குழாய்வழி இறக்கி டர்பைனைச் சுழற்றுவார்கள். தண்ணீர் கீழே மறுபடி ஓடையிலேயே சேர்ந்துவிடும். அதனால் தண்ணீர் செலவாகாது என்று கம்பனி சொன்னது பொய்யில்லை. ஆனால் அணைக்கும் பவர்ஹவுசுக்கும் இடையில் ஒரு துண்டு இருக்கிறதே, அதில் என்ன மிஞ்சும்? பீலிக்கரை, அதாவது ஓடைத் தண்ணீர் சிறு குழாய் வழியாக விழும் இடம், இருந்தது அந்தத் துண்டில்தான். மலையிலிருந்து இறங்கியதும் பெண்கள் குளிப்பது, துவைப்பது, பிள்ளைகளைக் கழுவிவிடுவது எல்லாம் அங்கேதான். மாரியம்மன் திருவிழாவுக்குக் கரகம் பாலிப்பதும், அதாவது குடத்தை அலங்கரித்துப் பூசை செய்து எடுப்பதும், அங்கேதான். திட்ட அறிக்கையில் நீரைப் பயன்படுத்துவோர் என்ற தலைப்பின் கீழ் "எவருமில்லை" என்று சிங்களத்தில் ஒரே சொல் இருந்தது. அதை நான் தமிழில் சொன்னபோது மண்டபத்தில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

தண்ணீர் மின்சாரமாவது அந்தப் பக்கத்துக்குப் புதுக்கதை இல்லை. 150 மெகாவாட் மேல் கொத்மலைத் திட்டம் 2012இல் அவர்கள் கண்முன்னேதான் இயங்கத் தொடங்கியது. முதலில் இன்னும் பல ஓடைகளைத் திருப்புவதாக இருந்து, வருடக்கணக்கான எதிர்ப்புக்குப் பிறகே அவற்றை விட்டார்கள். 80 மீற்றர் உயரமான செயின்ட் கிளேயர் அருவிக்குப் பகலில் தண்ணீர் விடும் ஏற்பாடும் அந்த எதிர்ப்பால் வந்ததுதான். அருவிக்காகக் கொழும்பிலிருந்தும் ஆட்கள் பேசினார்கள். பெயர்கூட இல்லாத ஓர் ஓடைக்காக யாரும் பஸ் ஏறி வரப்போவதில்லை.

பாட்டியின் கேள்விக்குப் பிறகு கடிதத்தை ஓரமாக வைத்துவிட்டு, முதலிலிருந்து கேட்டேன். பண்டாரவளைப் பக்கம் பெண்ணெடுத்த ஒருவர் அங்குள்ள உமா ஓயா நீர்மின் திட்டத்தைப் பற்றிச் சொன்னார். 2014 கடைசியில் சுரங்கத்துக்குள் தண்ணீர் பீறிட்ட பிறகு அந்தப் பக்கத்துக் கிணறுகள் வற்றின, வீட்டுச் சுவர்கள் வெடித்தன. இங்கே சுரங்கம் இல்லை என்று விளக்கினேன். "சரி மிஸ், வாய்க்கா வெட்டுற மண்ண எங்க கொட்டுவாங்க?" என்று கேட்டார். அறிக்கையில் அதற்குப் பதில் இல்லை. மீரியபெத்தத் தோட்டத்தில் மலை சரிந்து, மண் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களை மூடியதும் அதே 2014இல், அக்டோபர் 29 காலையில். மலையில் இருக்கிறவர்கள் இதைக் கேட்காமல் வேறு எதைக் கேட்பார்கள்?

அன்று ஒருவர்கூட மின்சாரம் வேண்டாம் என்று சொல்லவில்லை. பெப்ரவரி, மார்ச்சில் பீலியில் எவ்வளவு தண்ணீர் விழும்? வாய்க்கால் உடைந்தால் எந்த லயத்துக்கு மேலே உடையும்? யாரிடம் சொல்வது, அவர் தமிழில் பேசுவாரா? கேள்விகளாகத்தான் வந்தன. அவற்றை அப்படியே எழுதினேன். இரண்டு பக்கம் வந்தது.

கையெழுத்து வாங்கும்போது அடுத்த முடிச்சு. 112 பேர். எல்லோருக்கும் ஒரே விலாசம்: தோட்டத்தின் பெயர், பிரிவின் பெயர். லயத்துக்குக் கடிதம் நேராக வராது, தோட்ட ஆபீசுக்கு வந்து அங்கிருந்துதான் கைக்குப் போகும். செயலகத்தில் வாங்கிய உத்தியோகத்தர் நல்ல மனிதர்தான். இருந்தாலும், "ஒரே விலாசத்தில் இத்தனை பேரா? பதில் யாருக்கு அனுப்புவது?" என்று கேட்டார்.

காற்றாலைப் பிரச்சினை பற்றிய ஒரு பயிற்சிக்காக மன்னார் போயிருந்தபோது பார்த்தது ஞாபகம் வந்தது. மன்னார்த் தீவில் 103.5 மெகாவாட் காற்றாலை ஏற்கெனவே இருக்கிறது. மேலும் கோபுரங்கள் வேண்டாம் என்பவர்களுக்கு மீனவர் கூட்டுறவுச் சங்கத்தின் முத்திரை இருந்தது, திருச்சபையின் குரல் இருந்தது. எங்கள் பிரிவில் முத்திரை என்றால் தொழிற்சங்கத் தலைவருடையதுதான். அவரோ இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டிருந்தார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அவர் மகனுக்குக் கம்பனியில் வாட்சர் வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள்.

சுற்றாடல் சட்டத்தின் 1988 திருத்தத்தில், பெரிய திட்டங்களின் மதிப்பீட்டறிக்கையை மும்மொழிப் பத்திரிகைகளிலும் அறிவித்து, 30 நாள் பொதுமக்கள் கருத்துக்கு விடவேண்டும் என்று இருக்கிறது. சின்னத் திட்டங்களுக்கு அந்த முழு நடைமுறை பெரும்பாலும் வருவதில்லை. எங்களுக்குக் கிடைத்தது ஒரே ஒரு கூட்டம், செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு. கொழுந்து எடுக்கிறவர்களுக்கு அன்றைய பேர், அதாவது அன்றைய நாட்சம்பளம், போய்விடும். அரைப்பேராவது மிஞ்சட்டும் என்று பலர் மலைக்கே போனார்கள். ஆறு பெண்கள் வந்தார்கள். அந்த ஆறு பேரின் அன்றைய சம்பளம் எந்தக் கணக்கிலும் ஏறவில்லை என்பது எனக்கு இன்றும் ஆறவில்லை.

விலாசத்துக்கு நாங்களே ஒரு வழி செய்தோம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் பெரிய தாளில் படம் வரைந்தார்கள். ஒவ்வொரு லயத்துக்கும் எண், லயத்தின் ஒவ்வொரு அறைக்கும், அதாவது காம்பிராவுக்கும், எண், நடுவில் நீல நிறத்தில் ஓடை, பீலி, கரகம் பாலிக்கிற பாறை. 112 பெயர்களும் தத்தம் காம்பிராவில் ஏறின. அந்தப் படத்தைக் கடிதத்தோடு பதிவுத் தபாலில் அனுப்பினேன்.

எட்டு மாதம் கழித்துத் திருத்திய அறிக்கை வந்தது. "எவருமில்லை" என்றிருந்த இடத்தில் "கீழ்ப்பிரிவுக் குடும்பங்கள், குளித்தல், துவைத்தல்" என்று இருந்தது. கரகத்தைச் சேர்க்கவில்லை. வறட்சி மாதங்களில் எவ்வளவு தண்ணீர் விடுவது என்பதை அளந்த பிறகு முடிவு செய்வார்களாம்.

அவர்கள் அளக்க வரும்வரை அந்தப் பெண்கள் காத்திருக்கவில்லை. பீலிக்கரையில் ஒரு சவுக்குக் கம்பை நட்டு, ஒவ்வொரு ஞாயிறும் தண்ணீர் எட்டும் உயரத்தில் கத்தியால் கோடு கீறுகிறார்கள். போன பெப்ரவரியில் கோடு கணுக்காலளவுக்கு இறங்கியிருந்தது. திகதியைக் கொப்பியில் எழுதுவது பாட்டியின் பேத்தி.